மூவாயிரம் கிலோ இழுக்கும் என்றார்கள்

ஆஸ்திரேலியாவில் பழைய 4 வீல் டிரைவ் வண்டிக்கான எந்த விளம்பரத்தை எடுத்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 3 டன் இழுக்கும், அல்லது 3.5 டன் இழுக்கும். வாங்க வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் எண் பாதி உண்மை. இரண்டாவது எண்ணைக் கண்டு அவ்வளவு மிரள வேண்டியதில்லை. விலை மட்டும்தான் முழு உண்மை.

நான் இருப்பது மெல்பர்னின் தென்கிழக்கே, டாண்டினாங் பக்கம். தொழில், டிரெய்லரில் தோசை. வார இறுதிகளில் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்ச் சந்தைகளுக்கும் விவசாயக் கண்காட்சிகளுக்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவோம். பெண்டிகோ, ஷெப்பர்டன், பேர்ன்ஸ்டேல், எப்போதாவது 540 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டுரா. வருடத்துக்கு 40,000 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடிவிடும். புது வண்டிக்குக் கடன் வாங்கி அதைத் தோசை விற்று அடைக்கும் தைரியம் எனக்கு இல்லை. எனவே ஆரம்பத்திலிருந்தே பழைய வண்டிதான் என்று முடிவு. இப்போது காரவன், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடு, வாங்கும் ஆசையில் நம்மவர்கள் பலர் "எந்த வண்டி வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். இழுக்கப்போவதன் எடை என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன். "இரண்டு டன் இருக்கும்" என்பார்கள். இருக்கும் என்பது கணக்கு ஆகாது.

வண்டி தேடத் தொடங்கும் முன்பே, டிரெய்லரை வாடகைக்கு எடுத்த ஒரு வண்டியில் பூட்டி எடைமேடைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை விடியற்காலையில் எப்படிப் புறப்படுவோமோ, அப்படியே. 20 லிட்டர் வாளிகளில் மாவு, தொட்டிகளில் 160 லிட்டர் தண்ணீர், ஜெனரேட்டர், உருளைக்கிழங்கு, வெங்காயம், எண்ணெய் டின்கள், ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத இரும்புத் தோசைக்கல், 9 கிலோ கேஸ் சிலிண்டர்கள் இரண்டு. 9 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும். சிலிண்டரோடு தூக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரெய்லரின் தகட்டில் இருந்த வெற்று எடை 1,640 கிலோ. மேடை காட்டியது 2,240. ஆக, 600 கிலோ சாமான். அதில் பாதியை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை, யாருமே வைத்திருப்பதில்லை. காரவன்காரர்களும் அப்படித்தான். வெயில் கூடாரம், நாற்காலி, மீன்பிடி சாமான், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறிய பிறகு வண்டி கண்காட்சியில் பார்த்த எடையிலா இருக்கும்?

எடை தெரிந்தவுடன் சட்டம் தானாகத் தெளிவாகிவிடுகிறது. இங்கே மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கூடவே, டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். மின்சார பிரேக் என்றால் அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும். பழைய வண்டியில் அது ஏற்கெனவே இருந்தால் ஒரு செலவு மிச்சம். முன் உரிமையாளர் உண்மையிலேயே கனமாக எதையோ இழுத்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சியும்கூட.

அடுத்து டோ பால், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரைத் தாங்கும் உருண்டை. அதன்மேல் டிரெய்லரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும் என்பது பொது விதி. எங்களுடையதில் 230 கிலோ இறங்கியது. சோதனைக்காக நான்கு மாவு வாளிகளையும் அச்சுக்கு முன்னாலிருந்து எடுத்துப் பின்கதவோரம் வைத்துப் பார்த்தோம். 170-க்கு வந்துவிட்டது. மொத்த எடை மாறவில்லை, மாவும் மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது. டோ பாலில் எடை குறைந்தால் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்துபோகும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் பெரிதானால் வண்டியையே திருப்பிவிடும். எடை கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி குறைந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். வண்டி வாங்குவதற்கு முன்பே அந்த 230 என்ற எண் கையில் இருந்தது எனக்குப் பெரிய உதவி. ஏனென்று சொல்கிறேன்.

நான் கடைசியில் வாங்கியது மிட்சுபிஷி பஜேரோ. 3.2 லிட்டர் டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஆஸ்திரேலியாவில் 2021 வரை விற்ற கடைசித் தலைமுறை. விளம்பரத்தில் 3,000 கிலோ. ஆனால் அதன் கையேட்டைப் புரட்டினால் விஷயம் வேறு: டிரெய்லர் 2,500 கிலோ வரை இருந்தால் டோ பாலில் 250 கிலோ இறங்கலாம், 2,500-ஐத் தாண்டிவிட்டால் 180 கிலோதான். 3,000 கிலோ காரவனுக்கு 180 என்பது வெறும் 6 சதவீதம். பின்னால் உதிரிச் சக்கரங்களும் பெட்டிகளும் தொங்கும் காரவனைச் சிலர் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள்; அதை நான் ஓட்ட மாட்டேன். என்னுடைய 2,240-க்கும் 230-க்கும் பஜேரோ சரியாகப் பொருந்தியது. 2,800 கிலோ காரவன் வைத்திருக்கும் நண்பர் இதே வண்டியைக் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்.

இதற்கு மேல் இன்னும் இரண்டு எண்கள் உண்டு, விளம்பரத்தில் அவை வருவதே இல்லை. ஒன்று ஜி.வி.எம்.: வண்டி தன்மேல் சுமந்துகொண்டு நிற்கக்கூடிய உச்ச எடை. மற்றது ஜி.சி.எம்.: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. என் பஜேரோவுக்கு 3,030, 6,030. வண்டியின் எடை சுமார் 2,300 என்று வைத்தால் சுமக்க மிச்சம் 700 சொச்சம். டோ பாலில் இறங்கும் 230-ம் இந்த 700-க்குள்தான் அடங்க வேண்டும்; இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மீதி 470. நானும் மனைவியும் சேர்ந்து 140 (பிரித்துக் கேட்காதீர்கள்). உதவிக்கு வரும் பையன் 75. முன்னால் கங்காரு மோதினால் தாங்கும் இரும்புக் கம்பி 60. பின்பக்கக் குளிர்ப்பெட்டி, கருவிகள், தேங்காய் மூட்டை என்று போட்டால் விளிம்புக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூரையில் பெட்டி, இன்னொரு டீசல் டாங்கி என்று ஆசைப்பட இடமில்லை.

3.5 டன் இழுக்கும் என்று விற்கும் பிக்கப்புகளில் இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. பி.எக்ஸ். தலைமுறை ஃபோர்டு ரேஞ்சர் 3.2 இரட்டைக் கேபினை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.வி.எம். 3,200, ஜி.சி.எம். 6,000. 3,500 கிலோ டிரெய்லரைப் பூட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. வண்டியே 2,200-க்கு மேல். அப்படியானால் ஆட்களுக்கும் சாமானுக்கும் கூடுதலாகப் பொருத்தியவற்றுக்கும் சேர்த்து 300 கிலோகூடத் தேறாது. 3.5 டன்னும் உண்மை, பின்பெட்டியில் ஏற்றலாம் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் உண்மையாகாது. 200 தொடர் லேண்ட் க்ரூசரில் ஜி.சி.எம். 6,850, ஜி.வி.எம். 3,350, கழித்துப் பார்த்தால் சரியாக 3,500 வரும். நேர்மையான கணக்கு. ஆனால் அந்த வண்டியும் 600 கிலோ சொச்சம்தான் சுமக்கும். 350 டோ பாலில் போனால் ஒரு குடும்பம் ஏறியதும் தீர்ந்தது. அதன் பழைய விலை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இனி கிலோமீட்டர். 2 லட்சம் தாண்டிய டீசல் வண்டி என்றால் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு புரியவே இல்லை. எஞ்சின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் கிளம்பி, சூடேறும் முன் அணைக்கப்படும்போதுதான். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய 2.5 லட்சம் கிலோமீட்டரைவிட, பள்ளிக்கும் கடைக்கும் ஓடிய 90,000 கிலோமீட்டர் எஞ்சினுக்குக் கொடுமை. புதிய டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வரும்? 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை இங்கே விற்ற டொயோட்டா 2.8 டீசல்களில், அதாவது பிராடோ, ஹைலக்ஸ், ஃபார்ச்சூனரில், இந்த வடிகட்டி விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த வருடத்து வண்டி பார்த்தால் வடிகட்டிக்கு என்ன வேலை செய்யப்பட்டது என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் இருந்தால் நல்ல வண்டிகள்தான்.

கிலோமீட்டரை ஒரு காரணத்துக்காகப் பார்க்கத்தான் வேண்டும்: அடுத்த பெரிய செலவு எந்த இடத்தில் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள. 3.0 லிட்டர் பிராடோவுக்கும், 100 தொடர் லேண்ட் க்ரூசரின் 4.2 டர்போ டீசலுக்கும் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க வைக்கும் பட்டை, மாற்ற வேண்டும். 2,90,000 ஓடிய வண்டியில் இரண்டாவது பெல்ட் மாற்றத்துக்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். அதை விலையில் கழித்துக் கேளுங்கள். பஜேரோ 3.2-இலும் இசுசுவின் 3 லிட்டர் எஞ்சினிலும் பெல்ட் இல்லை, செயின். அதற்காகச் செயின் சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடக் கூடாது. ஆயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சினில் செயினின் இறுக்கியும் வழிகாட்டிகளும் தேய்ந்து, குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது முன்பக்கத்திலிருந்து கலகல ஓசை வரும்.

அந்த ஓசையைக் கேட்க வேண்டுமானால் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்கிறவர் வீட்டு வாசலில் இறங்கியதும் நான் கைகுலுக்குவதற்கு முன் போனட்டில்தான் கை வைப்பேன். சூடாக இருந்தால் "பெட்ரோல் பங்க் வரை போய்வந்தேன்" என்பார்கள். சரி, நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் முறை. ஊரில் மாட்டுச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றை வாங்க மாட்டான். இங்கே ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்து, 20,000 டாலர் கொடுக்கும்போது நமக்கு ஏனோ கூச்சம் வந்துவிடுகிறது.

என்னோடு வண்டி பார்க்க வந்தவர் டாண்டினாங்கில் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். பேச்சு குறைவு. மேலே பெயின்ட் எப்படி, இருக்கைத் தோல் எப்படி என்று நான் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் டார்ச்சோடு அடியில் படுத்திருப்பார். ஒரு வண்டி, பெயர் வேண்டாம், பார்க்க அவ்வளவு அழகு. ஓடியது குறைவு, அடிப்பகுதி முழுவதும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு. அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் டோ பார், அதாவது டோ பாலைத் தாங்கும் இரும்பு, பொருத்திய இடத்துக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டத்தை மெல்லத் தட்டினார். டங் என்ற ஓசை வர வேண்டிய இடத்தில் டப் என்றது. இன்னும் இரண்டு தட்டு. கறுப்புப் பூச்சோடு சேர்ந்து அப்பளம் கனத்துக்கு ஒரு துருச் செதில் கழன்று அவர் நெற்றியில் விழுந்தது.

"படகு இழுத்த வண்டி, தம்பி. பின்பக்கம் கடலுக்குள் இறங்கியிருக்கிறது" என்றார் எழுந்து உட்கார்ந்து.

விற்றவர் படகே வைத்திருந்ததில்லை என்றார். ஒருவேளை அவருக்கு முந்தியவர் வைத்திருக்கலாம். இழுவைக்கு உழைத்த வண்டிகளில் படகு இழுத்தவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சரிவில் பின்சக்கரங்களை உப்பு நீரில் இறக்கித்தான் படகை விடுவார்கள். அடிச்சட்டத்தின் உட்குழிவில் புகுந்த உப்பு வெளியே கழுவினால் போகாது. பழைய வண்டியில் புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இருபது வருடத் தூசி படிந்த அடிப்பகுதியே எனக்கு நிம்மதி தரும்.

இன்னொரு வண்டியில் அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தவுடனேயே மூடிவிட்டார். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், இளஞ்சிவப்பாக, நுரைத்து, ரோஸ்மில்க் போல இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு உள்ளேயே ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து, ரேடியேட்டரோடு கியர்பாக்ஸும் போகும். அப்படிக் கலந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கியர்பாக்ஸில் அளவுகோல் இருந்தால் இழுத்து ஆயிலைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு நல்லது, பழுப்பு பரவாயில்லை, கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் வேண்டாம். இழுவை வண்டியில் எஞ்சினுக்கு முன் சாவது பெரும்பாலும் கியர்பாக்ஸ்தான். காரணம் சூடு.

டோ பாரின் தகட்டையும் படித்துவிடுங்கள். வண்டியின் திறன் 3,000 ஆக இருந்தாலும் அதில் பொருத்திய டோ பாரில் குறைவாக எழுதியிருந்தால், அந்தக் குறைவான எண்தான் உங்கள் வரம்பு. டோ பாலுக்கும் அதே விதி. இதை இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் குனிந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் வாங்கிய பஜேரோவுக்கு அப்போது 2,38,000 கிலோமீட்டர். ஓய்வு பெற்ற தம்பதியர், காரவனோடு நாட்டைச் சுற்றியவர்கள். அந்த அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் தேதி, ஊர், லிட்டர், கிலோமீட்டர், ஓரத்தில் கா என்பதுபோல ஒரு குறி: காரவன் பூட்டியிருந்ததா இல்லையா என்று. செடூனா, கேத்தரின், லாங்ரீச் என்று பக்கம் பக்கமாக ஊர்கள். அந்த நோட்டுதான் எனக்கு வண்டியை விற்றது. காரவனோடு 100 கிலோமீட்டருக்கு 15, 16 லிட்டர். வருடக்கணக்காக அந்த எண் ஏறவே இல்லை. இன்ஜெக்டரோ டர்போவோ சோர்ந்திருந்தால் எண் மெல்ல ஏறியிருக்கும். நிறுவனம் 15,000-க்கு ஒருமுறை சர்வீஸ் சொல்கிறது. அவர்கள் இடையிலும் ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தார்கள், ரசீதுகள் இருந்தன. அண்ணன் நோட்டைப் பத்து நிமிடம் படித்தார். வண்டிக்கு அடியில் படுத்தது அதைவிடக் குறைவு.

பணம் கொடுக்கும் முன் 2 டாலர் செலவில் ஒரு வேலை: பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் வண்டியின் சேஸ் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். வண்டியின்மேல் கடன் நிற்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் கழித்துக் கட்டப்பட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். கடன் நின்றால் அது வண்டியோடு உங்கள் வீட்டுக்கு வரும்; கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். விக்டோரியாவில் விற்கிறவர் கொடுக்கும் ரோட்வொர்த்தி சான்றிதழை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அது பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, துரு போன்ற பாதுகாப்பு விஷயங்களுக்கான சான்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது, சொல்வதாக அதில் எழுதியிருக்கவும் இல்லை.

விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அத்தனை ஆயில்களும் மாறின: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன்பின் டிஃபரன்ஷியல்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், குழாய்கள், பெல்ட்டுகள் எல்லாம் கெட்டிருக்கவில்லை, ஆனாலும் மாற்றினோம். 40 டிகிரி வெயிலில், மில்டுரா போகும் வழியில், பின்னால் மாவு புளித்துக்கொண்டிருக்கும்போது 150 டாலர் குழாய் ஒன்று வெடிப்பதற்கான விலையை என்னால் எளிதாகக் கணக்குப் போட முடியும். ரேடியேட்டருக்கு வெளியே தனியாக ஒரு கியர்பாக்ஸ் ஆயில் கூலரும் அதன் வெப்பத்தைக் காட்டும் சிறு திரையும் பொருத்தினோம். அந்தத் திரை என் ஓட்டும் முறையையே மாற்றியது. ஏற்றத்தில் ஐந்தாவது கியரிலேயே விட்டால் எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும். வெப்பம் மளமளவென்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். நான்காவதுக்கு இறக்கினால் பூட்டிக்கொள்ளும், எண் உடனே இறங்கத் தொடங்கும். எஞ்சின் கொஞ்சம் கத்தும். கத்தட்டும்.

காரவனோடு அந்தத் தம்பதியருக்கு 15, 16 லிட்டர்; என் டிரெய்லர் அவர்கள் காரவனைவிட எடை குறைவு, ஆனாலும் எனக்கு 17. ஏனென்றால் என்னுடையது முன்பக்கம் செங்குத்தான பெட்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 100-லிருந்து 90-க்கு இறங்கினாலே ஐந்தில் ஒரு பங்கு எதிர்ப்பு குறைந்துவிடும். 88 லிட்டர் டாங்கியில் மில்டுராவுக்கு ஒரே மூச்சில் போக முடியாது, வழியில் எப்படியும் நிறுத்த வேண்டும். ஆகவே அவசரப்பட்டு என்ன? 90-தான். நிறுத்தும் இடத்தில் டிரெய்லரின் சக்கர மையங்களைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறது என்றால் பேரிங்கோ பிரேக்கோ ஒட்டுகிறது.

இழுவைக்கு 4 வீல் டிரைவ் எதற்கு, நல்ல சாலைதானே என்று கேட்பவர்கள் மழை பெய்த கண்காட்சித் திடலைப் பார்த்ததில்லை. காலையில் பச்சைப் புல்லாக இருந்தது மாலையில் சேறாகிவிடும். பின்சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டிகள் டிராக்டருக்காக வரிசையில் நிற்கும். ஆனால் எல்லா 4 வீல் டிரைவும் ஒன்றல்ல. பெரும்பாலான பிக்கப்புகளில் 4 சக்கர ஓட்டத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு திருப்பத்தில் முறுக்கும். பஜேரோவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் மழையில் ஈரமான வட்டச் சந்தியிலும், பாதி தார் பாதி சரளையான சாலையிலும் கவலையில்லாமல் 4 சக்கரத்தில் ஓட்டலாம். பிராடோவில் இன்னொரு வசதி: தாழ்ந்த கியர் விகிதத்தையும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் பயன்படுத்தலாம். செங்குத்தான கான்கிரீட் வழியில் கனமான காரவனைப் பின்னோக்கித் தள்ளி வீட்டுக்குள் நிறுத்துகிறவருக்கு அது பெரிய வரம். கியர்பாக்ஸ் சூடாகாது, அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். பஜேரோவில் தாழ்ந்த விகிதம் என்றால் நடுவும் பூட்டித்தான் இருக்கும், ஆகவே புல்லிலும் மண்ணிலும் மட்டும்தான் போடுவேன்.

இப்போது மீட்டர் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. போன வருடம் டிரெய்லரில் இன்னொரு குளிர்சாதனப் பெட்டி வைத்தோம், ஐஸ்கிரீமுக்காக. எடை 2,430 ஆனது. 2,500 என்ற கோடு பக்கத்தில் வந்து நின்றதும், 3.5 டன் வண்டிக்கு மாறலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கியது. இரண்டு மாதம் விலைகளைப் பார்த்தேன். மாறுவதானால் 30,000 டாலராவது கூடுதலாக வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி எடை போட்டோம். தண்ணீர் 160 லிட்டர் எதற்கு, பெரும்பாலான திடல்களில் குழாய் இருக்கிறதே. பாதி நிரப்பினால் 80 கிலோ போயிற்று. இரும்பு அலமாரிகளை எடுத்துவிட்டு அலுமினியத்தில் செய்யச் சொன்னோம். ஐஸ்கிரீம் கண்ட லாபம் அந்தப் பெட்டியின் மின்சாரத்துக்கே சரியாக இருந்ததால் அதையும் இறக்கிவிட்டோம். எடைமேடை 2,200-க்கும் கீழே காட்டியது. அண்ணனிடம் சொன்னபோது, "அப்படியென்றால் இன்னும் ஒரு செட் டயர் வாங்கிப் போடலாம், தம்பி" என்றார். வாங்கிப் போட்டாயிற்று.